நாற்பத்தொன்றாவது வினாடி

ஒரு நிமிடத்தை அறுபதாகப் பங்கு போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. ஆளுக்கு ஒரு வினாடி. சொன்னால் சிரிப்பார்கள். "இதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?" என்று என் மாமியாரே கேட்டிருக்கிறார். மலையைக் குடைந்து ரயில் பாதை போடுகிற இடத்தில் நான் ரேடியோ டெக்னீஷியன். சுரங்க வாசலுக்கு வெளியே ஓர் இரும்புப் பெட்டி அறை. அதில் ஒரு திரை, ஒரு மேசை, நாள் முழுக்க முனகுகிற ஒரு மின்விசிறி. அங்கே உட்கார்ந்துதான் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருப்பேன்.

உள்ளே போகிற ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு ரேடியோ செட் இருக்கும். சுரங்கம் நெடுக ஓடுகிற ஒரே கேபிள்தான் அத்தனை செட்டுகளுக்கும் வழி. அதில் இருப்பது ஒரே அலைவரிசை. பத்துப் பேர் இருக்கிற வீட்டில் ஒரே குளியலறை என்றால் என்ன செய்வோம்? முறை வைப்போம். அதேதான் இங்கேயும். ஒவ்வொரு நிமிடத்தையும் அறுபதாக வெட்டி, செட்டுக்கு ஒரு வினாடி கொடுத்திருக்கிறேன். தன் வினாடி வந்ததும் செட், "நான் இன்ன எண், இன்ன பிரிவில் இருக்கிறேன், அசைகிறேன்" என்று சொல்லும். ஆபத்தில் இருப்பவர் அதன் பட்டனை அமுக்கினால், அந்த வினாடியில் சிவப்பாகத் தெரியும். சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அடுத்த முறை ஒரு நிமிடம் கழித்துத்தான்.

தன் முறை எப்போது என்று செட்டுக்குத் தெரிய வேண்டுமே? அதற்காக என் அறையிலிருந்து கேபிள் வழியாக ஒரு தாளம் விடாமல் போய்க்கொண்டிருக்கும். தாளம் காதில் விழாத செட் பேசவே பேசாது. நேரம் தெரியாமல் வாயைத் திறந்து அடுத்தவன் வினாடியில் விழுந்து கெடுத்துவிடும் என்பதால் அப்படி ஒரு கட்டுப்பாடு. அதை வைத்தது நான்தான்.

திரையில் சுரங்கம், வாசலிலிருந்து முனைவரை பத்துப் பிரிவு; ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. முன்பெல்லாம் வாசலில் ஒரு பலகை இருந்தது. உள்ளே போகிறவர் தன் எண் போட்ட பித்தளை வில்லையை அதில் மாட்டிவிட்டுப் போவார், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வார். திரை வந்த பிறகும் இந்தப் பலகை எதற்கு, இரண்டையும் யார் பார்ப்பது என்று கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டவளும் நான்தான். பலகையைக் கழற்றிவிட்டார்கள். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை.

ஆறு மாதத்துக்கு முன் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். பம்புகளும் காற்று விசிறிகளும் ஓடுகின்றனவா என்று அறிய ஒதுக்கியது போக என்னிடம் மிஞ்சியது ஐம்பத்திரண்டு வினாடிகள்; ஆட்கள் ஐம்பத்து மூன்று. இன்னொரு அலைவரிசை கேட்டு எழுதினேன். வரும், வரும் என்றார்கள். அதுவரை ஒரு வினாடியை இரண்டு பேருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். ஒருவர் பகல் ஷிப்ட், ஒருவர் இரவு ஷிப்ட். இருவரும் ஒருபோதும் ஒன்றாக உள்ளே இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டு செட்டும் ஒரே வினாடியில் பேசும். வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதன் குரல்தான் எனக்கு எட்டும், மற்றது அதன் அடியில் அமுங்கிப்போகும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

யாரைக் கேட்டாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. சரி, நீங்கள் யாரும் வேண்டாம், என் வீட்டு ஆட்களையே வைத்துக்கொள்கிறேன் என்று வைத்தேன். பகலில் மண் அள்ளும் ரயிலை ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். இரவில் சுவருக்குக் கான்கிரீட் பீய்ச்சுகிறவன் என் தம்பி. இருவருக்கும் சேர்த்து நாற்பத்தொன்றாவது வினாடி. வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து செட்டை என் ஜன்னலில் நீட்ட வேண்டும். நான் பேட்டரியைக் கழற்றுவேன். அதற்குப் பிறகுதான் தம்பி தன் செட்டை அடுக்கிலிருந்து எடுக்கலாம். கடைசியில் இப்படி வைத்ததை அவர்கள் இருவருக்கு மட்டும் சொன்னேன். பெரிய இன்ஜினியரிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்.

அன்று மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு என் மேசை ஒரு முறை குதித்தது. டீ கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. சுரங்க வாசலிலிருந்து புழுதி வெளியே வந்து என் ஜன்னலை மூடியது. எட்டாம் பிரிவில் கூரை விழுந்துவிட்டது என்று போனில் யாரோ கத்தினார்கள்.

திரையைத்தான் பார்த்தேன். உள்ளே முப்பத்தொரு புள்ளிகள். பத்தாம் பிரிவில்தான் மலையைக் குடைகிற முனை இருக்கிறது. சாதாரணமாக அங்கே பன்னிரண்டு பேராவது நிற்பார்கள். நல்ல வேளை, சாப்பாட்டு நேரம். அத்தனை பேரும் நாலாம் பிரிவுச் சாப்பாட்டு அறையில் இருந்தார்கள். எட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. புள்ளிகள் ஒவ்வொன்றாக வாசலை நோக்கி நகர்வதை, நகத்தைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். நாற்பத்தொன்று மூன்றாம் பிரிவில் இருந்தது, இரண்டுக்கு வந்தது, ஒன்றுக்கு வந்தது.

வெளியே ஓடினேன். அவர் ரயில் இன்ஜினிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை மண். பத்துப் பேர் பார்க்க நான் அவர் கையைக்கூடப் பிடித்ததில்லை. அன்று கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். "ஏய், ஒண்ணுமில்லை, விடு, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் முகத்தைக் கழுவிவிட்டேன். அவர் செட்டை நான் வாங்கவில்லை. அது அவர் இடுப்பிலேயே இருந்தது.

பெரிய இன்ஜினியர் வந்தார். எதற்கெடுத்தாலும் கத்துகிறவர் இல்லை, அடிக்குரலில்தான் பேசுவார்.

"முப்பத்தொண்ணும் வெளிய வந்தாச்சாம்மா?"

"வந்தாச்சு சார். எல்லாப் புள்ளியும் வாசல்ல இருக்கு."

"எழுதிக் குடு."

நேரம் போட்டு, எண்ணிக்கை போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்போது உள்ளே இன்னொரு முறை பொதுக்கென்று சத்தம் கேட்டது. மணி இரண்டு முப்பத்தாறு. மறுபடியும் கொஞ்சம் விழுந்திருக்கிறது, ஆள்தான் யாரும் இல்லையே என்று விட்டுவிட்டோம்.

சிக்கல் மேலே இருந்தது. விழுந்த இடத்துக்கு நேர் மேலே மலைச்சரிவில் ஒரு தெரு, பதினான்கு வீடுகள். தெருவில் விரிசல் விட்டிருக்கிறது என்று செய்தி வந்தது. உள்ளே உண்டான பொந்தை உடனே அடைக்காவிட்டால் மண் சரிந்துகொண்டே போய் வீடுகளை இழுத்துவிடும். சிமென்ட் கலவையைப் பொந்துக்குள் அடித்து இறுக்கிவிடுவது என்று இன்ஜினியர் முடிவு செய்தார். ஆள் இல்லாத இடம்தானே. விழுந்த குவியலின் மேல்விளிம்பு வழியாக மூன்று பிளாஸ்டிக் குழாய்களை அந்தப் பக்கம்வரை நுழைத்தார்கள். நாலு மணிக்கு முதல் குழாயில் பம்பை ஓட்டினார்கள்.

நாலு பத்துக்குத் தம்பி பொண்டாட்டி போன் செய்தாள்.

"அண்ணி, ஏதோ விழுந்துடுச்சுன்னு சொல்றாங்களே. அவரு வந்துட்டாரா?"

"அவனுக்கு ஆறு மணி ஷிப்டுதானேம்மா. தூங்கறான்ல?"

"இல்ல அண்ணி. ஒரு மணிக்கே கிளம்பிட்டாரு. நேத்து ராத்திரி மெஷின் வாயைக் கழுவாம வந்துட்டாராம். சிமென்ட் இறுகிப்போயிருக்கும், மேஸ்திரி பாக்கறதுக்குள்ள போய்க் கொத்தி எடுத்துட்டு வந்துடறேன்னாரு."

"உள்ள போக முடியாதே, ஸ்கிரீன்ல எனக்குத் தெரிஞ்சிருக்குமே."

"அதைத்தான் நானும் கேட்டேன். மாமா உள்ள இருக்கறப்பவே போனா அக்காவுக்குத் தெரியாது, ரெண்டு பேருக்கும் ஒரே புள்ளிதானேன்னு சிரிச்சுக்கிட்டே போனாரு அண்ணி." பிறகு அவள் குரல் மாறியது. "அண்ணி? அவரு உள்ளயா இருக்காரு?"

நான் செட்டுகள் அடுக்கியிருக்கும் இடத்தைப் பார்த்தேன். தம்பியின் செட் இருக்க வேண்டிய இடம் காலி. ஒன்றிலிருந்து ஒன்றரைவரை நான் சாப்பிடப் போயிருந்தேன், அப்போது எடுத்திருக்கிறான். இடுப்பில் செட் இருந்தால் வாசல்காரர் ஒன்றும் கேட்கமாட்டார். உள்ளே அவன் நடந்தபோது திரையில் நாற்பத்தொன்று அங்கும் இங்கும் தாவியிருக்கும். ரயில் போய்வருகிறது என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

பெரிய இன்ஜினியர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "பம்ப்பை நிறுத்துங்க சார், என் தம்பி உள்ள இருக்கான்" என்றேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு வினாடியை இரண்டு பேருக்குக் கொடுத்தது உட்பட. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். நான் அவர் இடுப்பிலிருந்து செட்டைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, இன்ஜினியர் கையில் திணித்தேன்.

"இப்ப பாருங்க சார். இவர் செட் செத்துப்போச்சு. இனிமே நாப்பத்தொண்ணுல சத்தம் வந்தா அது அவன்தான்."

அறைக்குள் போய்த் திரைமுன் நின்றோம். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. நாற்பத்தொன்று வெற்றாக இருந்தது. இன்னொரு நிமிடம் காத்திருந்தோம். அப்போதும் வெற்று.

"யாரும் இல்லையேம்மா" என்றார் இன்ஜினியர். அவர் குரலில் எரிச்சல் இல்லை, இரக்கம்தான் இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"ரெண்டாவது தடவை விழுந்துச்சே சார், அப்ப கேபிள் அறுந்திருக்கும். தாளம் கேக்காம அவன் செட் வாயை மூடிக்கிட்டிருக்கு. நான்தான் அப்படி வெச்சேன். உள்ள தாளத்தைக் கொண்டுபோனா பேசும்."

"மேல பதினாலு வீடும்மா. மூணு மணிக்கு விரல் நுழையற விரிசல், இப்ப கை நுழையுது. நீ எழுதிக் குடுத்த காகிதம் என் பையில இருக்கு."

"அந்தக் காகிதம் பொய் சார்!" என்று கத்தினேன். அங்கே நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "என்னை வேலையை விட்டுத் தூக்குங்க, ஜெயில்ல போடுங்க. கால்ல வேணா விழறேன். மூணாவது குழாய் காலியாத்தானே இருக்கு? அதுல ஒரு கம்பியை விட்டுப் பாத்துக்கறேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இருபது நிமிஷம். நானும் வரேன்" என்றார். பம்ப்காரரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னார். அதே மூச்சில் மேல்தெரு வீடுகளில் இருப்பவர்களை இறக்கி வைக்கவும் ஆளனுப்பினார். அதுவரை அவரைக் கல் நெஞ்சுக்காரர் என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

சோதனைக்கு என்று என்னிடம் ஒரு சின்னப் பெட்டி உண்டு. செருப்பு டப்பா அளவுதான், பேட்டரியில் ஓடும், கேபிள் இல்லாத இடத்தில் தாளம் கொடுக்கும். அதையும் ஒரு சுருள் கம்பியையும் தூக்கிக்கொண்டு ரயிலில் போனோம். ஓட்டியவர் என் வீட்டுக்காரர். ஏழாம் பிரிவில் இறங்கும்போது, "என் செட்டை நானே அணைச்சிருக்கணும்" என்றார். "வாயை மூடுங்க" என்றேன். அவர் மேல் கோபமில்லை. அப்போது யார் எதைச் சொன்னாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

எட்டாம் பிரிவு இல்லை. அது இருந்த இடத்தில் பாறையும் சேறும் கூரைவரை நின்றன. மேலிருந்து சிறுசிறு கற்கள் விழுந்தபடி இருந்தன. முதல் குழாயைச் சுற்றிச் சாம்பல் நிறக் கலவை வழிந்து உறையத் தொடங்கியிருந்தது. கால் மணி நேரம் பம்ப் ஓடியிருக்கிறது. அந்தப் பக்கம் அது எங்கே போய் விழுந்ததோ, அவன் எங்கே கிடக்கிறானோ.

குவியல்மேல் ஏறி மூன்றாவது குழாய்க்குள் கம்பியைவிட்டேன். ஒன்பது மீட்டர் போனது. அங்கே ஏதோ தடுத்தது. இழுத்து மறுபடியும் விட்டேன். அதே இடம். குழாய் வளைந்திருக்கிறது. "எருமை, எருமை, ஒரு மெஷின் வாய்க்காக உசிரைக் குடுப்பியாடா" என்று குழாய்க்குள் கத்தினேன். என் குரல்தான் திரும்பி வந்தது.

"எட்டு நிமிஷம் போச்சு" என்றார் இன்ஜினியர்.

வீட்டுக்காரர் என்னை நகர்த்திவிட்டுக் கம்பியை வாங்கினார். அதன் நுனியை ஒரு மெல்லிய வளையும் தடியோடு சேர்த்து டேப் சுற்றினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தொட்டுப் பார்ப்பது மாதிரி தள்ளினார், திருப்பினார், தள்ளினார். கை மணிக்கட்டில் தோல் உரிந்து ரத்தம் வந்தது, அவருக்குத் தெரியவில்லை. சட்டென்று தடி ஒரு முழம் உள்ளே போனது. பிறகு இன்னொரு முழம்.

"வெளிய போயிடுச்சு. காத்துல ஆடுது" என்றார்.

பெட்டியைப் போட்டேன். தாளம் போகத் தொடங்கியது. அதைக் கேட்கிற செட் முதல் நிமிடம் பேசாது. முழு நிமிடமும் கேட்டு, தன் இடம் எது என்று பார்த்துக்கொண்டு, அடுத்த நிமிடம்தான் வாயைத் திறக்கும். இன்ஜினியரிடம் இதை இரண்டு முறை சொன்னேன், அவர் முதல் நிமிடத்திலேயே கிளம்பிவிடுவாரோ என்ற பயத்தில். என் வாழ்க்கையில் எத்தனையோ நிமிடங்களை அறுபதாக வெட்டியிருக்கிறேன். ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இரண்டாம் நிமிடம். பெட்டியின் சின்னத் திரையில் எண்கள் ஓடின. முப்பத்தொன்பது. நாற்பது.

நாற்பத்தொன்று. பிரிவு பத்து. அசைவு இல்லை.

"சார்!" என்று வீறிட்டேன். இன்ஜினியர் சட்டென்று தன் சட்டைப் பையில் கைவிட்டு என் வீட்டுக்காரரின் பேட்டரியை எடுத்துப் பார்த்தார். அது அங்கேதான் இருந்தது. அதையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"செட் இருக்கு" என்றார் மெதுவாக. "அசைவு இல்லைன்னு போட்டிருக்கேம்மா. ஆள்..."

"கூப்பிடறேன். என் பெட்டியிலிருந்து கூப்பிட்டா அவன் செட் உறுமும். உசிரோட இருந்தா பட்டனை அமுக்குவான்."

கூப்பிட்டேன். அடுத்த நாற்பத்தொன்று வந்தது: அசைவு இல்லை. மறுபடி கூப்பிட்டேன். அதற்கடுத்த நாற்பத்தொன்று: அசைவு இல்லை. தலைக்குமேல் ஒரு கல் நழுவி என் தோளில் விழுந்தது. "மூணு நிமிஷம் இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். வீட்டுக்காரர் சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு வேண்டிக்கொள்ளக்கூட வார்த்தை வரவில்லை. அமுக்குடா, அமுக்குடா என்பது மட்டும்தான் வந்தது. மூன்றாம் முறை கூப்பிட்டேன்.

நாற்பத்தொன்று. பிரிவு பத்து. சிவப்பு. பட்டன் அழுத்தப்பட்டது.

பம்ப் குழாயை இன்ஜினியரே கையால் கழற்றினார். அதுவரை அடிக்குரலில் மட்டும் பேசிய மனிதர் சுரங்கமே அதிரக் கத்தி ஆட்களைக் கூப்பிட்டார். தோண்டுகிறவர்கள் பதினைந்து மணி நேரம் கைமாற்றிக் கைமாற்றித் தோண்டினார்கள். மேலே தெருவில் இரண்டு வீட்டுச் சுவர்கள் சரிந்தன. உள்ளே யாரும் இல்லை. நான் பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு நிமிடமும் கூப்பிடுவேன். சில முறை சிவப்பு வரும், சில முறை வராது. வராத நிமிடங்களில் செத்துப் பிழைத்தேன். தம்பி பொண்டாட்டி வாசலிலேயே நின்றாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் நான் வெளியே வரவில்லை என்பதும் உண்மை.

மறுநாள் காலை ஏழரைக்கு அவனை வெளியே கொண்டுவந்தார்கள். கான்கிரீட் மெஷின் சாய்ந்து வலது கால்மேல் விழுந்திருந்தது. பம்ப் ஓட்டிய கலவை அவன் படுத்திருந்த இடத்துக்கு நாலடி தள்ளி வந்து நின்றிருந்தது. அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் காலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

அவன் செட் என்னிடம் வந்தது. ஒவ்வொரு செட்டிலும் அது செய்ததெல்லாம் பதிவாகியிருக்கும். திறந்து பார்த்தேன். இரண்டு மணி பத்திலிருந்து இரண்டு முப்பத்தாறுவரை, ஒவ்வொரு நிமிடமும் பட்டன். மொத்தம் இருபத்தாறு. ஒவ்வொன்றும் சரியான வினாடியில் அனுப்பப்பட்டிருந்தது. அந்த இருபத்தாறு நிமிடமும் கேபிள் நசுங்கிக் கிடந்தாலும் அறுபடாமல் இருந்திருக்கிறது. அவன் குரல் என் அறைவரை வந்திருக்கிறது. என் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரின் இடுப்பிலிருந்த செட், அதே வினாடியில், "நான் வாசலில் இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லி அதை அமுக்கியிருக்கிறது.

மூன்றாம் நாள் அவன் தெளிவாகப் பேசினான். ஆஸ்பத்திரி அறையில் அவன் பொண்டாட்டி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் நின்றார். மருந்து கொடுக்க வந்த நர்ஸிடம் அவன் என்னைக் காட்டினான்.

"இவங்கதான் எங்க அக்கா. நான் அமுக்கினதை இவங்கதான் கேட்டாங்க."

நர்ஸ் சிரித்துவிட்டுப் போனாள். அவன் என் பக்கம் திரும்பினான்.

"எத்தனாவது தடவையில கேட்டுச்சுக்கா? நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். இருபத்தாறு தடவை அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் போயிடுச்சுன்னு செட் 'கீச்'னு சொல்லும். அப்புறம் நின்னுடுச்சு. சரி, அக்கா கேட்டுட்டா, அதான் அலாரத்தை அணைச்சுட்டா, வந்துக்கிட்டிருக்கான்னு நினைச்சேன். இல்லேன்னா அந்த இருட்டுல எப்பவோ கண்ணை மூடியிருப்பேன்க்கா."

வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். சொல்லாதே என்று அர்த்தம். தம்பி பொண்டாட்டி தரையைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும். ஆமாம்டா, முதல் தடவையே கேட்டுட்டேன் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எல்லாரும் வந்தாச்சு என்று ஒரு முறை கையெழுத்துப் போட்டவள் நான். இன்னொரு முறை என்னால் முடியவில்லை.

"கேக்கலடா" என்றேன்.

"எது?"

"ஒண்ணுகூடக் கேக்கல."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாததுபோல இருந்தது. ஒரே வினாடியில் இரண்டு செட் பேசினால் என்ன ஆகும் என்பது அவனுக்கும் தெரியும்.

"மாமா செட் ஆன்ல இருந்துச்சா?"

"ஆமா."

"எங்க இருந்தாரு?"

"வெளிய. என் பக்கத்துல."

"வெளிய வந்ததும் பேட்டரியைக் கழட்டிடுவியேக்கா" என்றான். குற்றம் சொல்லவில்லை. தெரியாததைக் கேட்பது மாதிரிதான் கேட்டான்.

"அன்னிக்குக் கழட்டலடா. அவர் வந்துட்டாருங்கற சந்தோஷத்துல கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

வீட்டுக்காரர் அறையைவிட்டு வெளியே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தம்பி, போர்வை தட்டையாக இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இருபத்தாறு தடவைக்கா" என்றான்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. திரும்பப் பிடிக்கவும் இல்லை.